கோல்கீப்பரின் முடிமேல் அம்மா வைத்த மொக்கு

1

மொக்கு வைத்தபோது இருந்தவர்கள்: ஜப்பானில், கடலோரச் சிற்றூர் ஒன்றின் இரண்டாம் மாடி வீட்டில் நான், மனைவி காவ்யா, நாலு வயது மகள் ஹாசினி, என்னோடு அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வெதுருகுப்பம் ஜான்சன். வீடியோ காலில், ஆந்திர எல்லை ஊரான நகரியில் எங்கள் விசைத்தறிக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அம்மாவும் நைனாவும். இல்லாதவர் ஒருவர்தான். யாருடைய முடிமேல் மொக்கு வைக்கப்பட்டதோ அவர். அந்த நேரத்தில் அவர் கொரியாவில், கோல் கம்பங்களுக்கு நடுவே கையுறையைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தார். நகரி என்று ஓர் ஊர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆசியக் கிளப்புகளுக்கான கால்பந்துக் கோப்பையின் அரையிறுதி அது. நாங்கள் இருக்கும் ஜப்பான் ஊரின் கிளப் அந்தப் போட்டிக்குத் தகுதி பெற்றதே அதுதான் முதல் தடவை. ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்ட்டிக்கு வந்துவிட்டது. கொரியாக்காரரின் கடைசி உதை. இதை எங்கள் கோல்கீப்பர் தடுத்தால் இறுதியாட்டம். விட்டால் மறுபடி முதலிலிருந்து நெஞ்சு வலி.

எங்கள் பக்கத்தில் வேண்டுதலை மொக்கு என்றுதான் சொல்வோம். மொக்கு வைப்பவர் ஒருவர், முடி கொடுப்பவர் வேறொருவர் என்பது எங்கள் வீட்டில் சாதாரணம். எனக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து போனபோது நைனாவின் மீசை போயிற்று. டிப்ளமோவில் கணக்குத் தேறியபோது என் முடி போயிற்று. தங்கச்சிக்கு வரன் அமைந்தால் மாப்பிள்ளை முடி கொடுப்பார் என்று அம்மா ஏழுமலையானிடம் சொல்லிவிட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு அந்தச் செய்தி தாலி கட்டிய பிறகுதான் போனது.

"டேய், அவன் நடுவுல சும்மா நின்னாலே போதும்ல? எதுக்கு குதிக்கறான்?" என்றார் நைனா. தறிகளை நிறுத்தியிருந்தார். அவர் தறியை நிறுத்துவது கரண்டு போனால் மட்டும்தான்.

"நைனா, கம்முனு இரு."

ஜான்சன் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கினு இருந்தான். அவன் குடும்பம் நாலு தலைமுறையாக மிஷன் சபை. போனில் அம்மாவின் முகம் காணாமல் போய், கூப்பிய கை மட்டும் தெரிந்தது.

"ஏடுகொண்டலவாடா, ஏழுமலையானே, அந்தப் பையன் இத்த மட்டும் புட்சிட்டான்னா அவன் முடிய உனக்குக் குட்த்துடறேன். அது மலை ஏறுற வரைக்கும் நான் டீ தொடமாட்டேன்."

உதைத்தான். எங்கள் ஆள் வலது பக்கம் பாய்ந்தார், பந்து நடுவில் வந்தது, பின்னால் விட்டுப்போன இடது காலில் பட்டு மேலே எழும்பிக் கம்பிக்கு மேல் போயிற்று.

அடுத்து என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல முடியாது. ஹாசினி மேசைமேல் இருந்தாள். நான் ஜான்சன் தோள்மேல் இருந்தேன், எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. நகரியில் நைனா தறியை ஓடவிட்டு மறுபடி நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். அவருக்குத் தெரிந்த வெடி அதுதான். காவ்யா மட்டும் போனைக் கையில் எடுத்தாள்.

"அத்தை, யாரு முடின்னு சொன்னீங்க?"

"அவன் முடிதான். பந்தப் புட்சான்ல?"

"அவருக்குத் தெரியுமா அத்தை?"

"நீங்கதான சொல்லணும்," என்றார் அம்மா. "வெளக்கு வெச்ச நேரத்துல சொன்ன வார்த்த. மாத்த முடியாது."

2

இந்த வாரம் அந்தப் போட்டியின் அடுத்த சீசன் தொடங்கியிருக்கிறது. எங்கள் கிளப் அதில் இல்லை. டிவியில் யார் யாரோ ஓடுகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்தபோது, போன சீசனை ஊரில் இருப்பவர்களுக்கு ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நகரியில் கதை ஏற்கெனவே கண்டபடி பரவியிருக்கிறது. நான் ஒரு ஜப்பான்காரரின் தலையை வாங்கிக்கொண்டு வந்ததாகக்கூடச் சொல்கிறார்களாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருப்பதியில் டிப்ளமோ, ஸ்ரீ சிட்டியில் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை, அங்கிருந்து இங்கே. வந்த இரண்டாம் நாள் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யப் போனேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் நைனாவின் பெயர் லோகநாதன் என்று இருந்தது.

"லோகநாதன்-சான்," என்று மரியாதையாக அழைத்தார் அங்கிருந்த பெண்.

"அது என் அப்பா. நான் தினேஷ்."

"உங்கள் அப்பாவின் குடும்பப் பெயர்?"

"அது முனுசாமி. ஆனால் அது என் தாத்தா."

அவர் உள்ளே போய் மேலதிகாரியை அழைத்து வந்தார். மேலதிகாரி இன்னொருவரை அழைத்து வந்தார். மூவரும் என்னிடம் தலை குனிந்து வருத்தம் தெரிவித்துவிட்டு லோகநாதன் என்றே எழுதினார்கள். ஆக, எழுதப் படிக்கத் தெரியாத என் நைனாவின் பெயர்தான் இந்த நாட்டில் வேலைக்குப் போகிறது, வரி கட்டுகிறது, குப்பையைத் தப்பான நாளில் போட்டதற்குத் திட்டு வாங்குகிறது.

கால்பந்துக்கு என்னை இழுத்தவர் முடிதிருத்துபவர் மோரி. ஐம்பது வயதுக்கு மேல். எங்கள் தெருமுனையில் கடை. கடை முழுக்க கிளப்பின் மஞ்சள் நிறம். மைதானத்தில் ரசிகர் கூட்டத்துக்கு டிரம் அடிப்பவரும் அவர்தான். முடி வெட்டப் போன முதல் நாளே ஒரு டிக்கெட்டைக் கையில் திணித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்டும் கபடியும். சும்மா போய்ப் பார்ப்போம் என்று போனேன். லிஃப்டில் மூச்சைக்கூட அடக்கி நிற்கிற மனிதர்கள் தொண்டை கிழியப் பாடினார்கள். ஒரு கோல் விழுந்ததும், முன்பின் தெரியாத ஒரு வங்கி அதிகாரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் குனிந்து குப்பையைப் பிரித்துப் பைகளில் போட்டுக்கொண்டு மறுபடி மௌனமானார்கள். இதை விட்டுவிட்டு வேறு எங்கே போவேன்?

அந்தச் சீசன் அப்படியே ஏறிக்கொண்டு போனது. பாங்காக்கில் மழையில் தோற்றோம், இங்கே குளிரில் ஜெயித்தோம், வியட்நாம் அணியைக் கடைசி நிமிடத்தில் தாண்டினோம். நான் ஞாயிறு தவறாமல் அம்மாவோடு பேசுவேன். ஆட்ட நாட்களில் போனை டிவிக்கு நேராக வைத்துவிடுவேன். அம்மாவுக்கு ஆட்டம் புரியாது. கோல்கீப்பரை மட்டும் புரிந்துகொண்டார். நீண்ட முடியை உச்சியில் கொண்டை போட்டிருப்பார்.

"யாருடா இந்தப் பொண்ணு?" என்று ஆரம்பித்து, இரண்டே ஆட்டத்தில், "மத்தவனுங்க எல்லாம் ஊர் மேயறானுங்க. இவன் ஒருத்தன்தான் வீட்டப் பார்த்துக்கறான்," என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

3

டீ தொடமாட்டேன் என்றது விளையாட்டில்லை. தறிக்கொட்டகையில் பதினோரு மணி டீயும் நாலு மணி டீயும் இல்லாமல் யாரும் வேலை செய்வதில்லை. அம்மா காலையில் எழுந்ததும் ஒன்று, நைனாவோடு சண்டை போட்டால் ஒன்று, சமாதானமானால் ஒன்று என்று குடிப்பவர்.

அரையிறுதி முடிந்த வாரத்தில் நைனா தனியாகப் போன் செய்தார். கொட்டகைக்குப் பின்னால் நின்று பேசுகிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

"டேய், அவ டீ குடிக்காம எனக்குத்தான் தலை நோவுது. நான் ஒரு கிளாஸ் எடுத்தா போதும், அதையே மொறச்சிக்கினு நிக்கறா. நேத்து ஊடை நூல மாத்தி வெச்சிட்டா. பாதி சேலைக்கு பச்சைக்குப் பதிலா ஊதா. இன்னாடி இதுன்னா, எனக்கு எல்லாம் ஒரே கலராத் தெரியுதுன்றா."

அம்மாவிடம் பேசிப் பார்த்தேன்.

"மா, அவருக்குப் பதிலா என் முடியக் குடுத்துடறேன்."

"உன் முடி உன்னுது. பந்தப் புட்சது அவன்."

"அப்ப ஃபைனலுக்காவது ஒரு மொக்கு வெய்யி."

"பழசத் தீர்க்காம புதுசு கேக்கறதா? எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேப்பேன்?"

ஹாசினி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது தமிழ் பேச்சுக்கு நடுவில் ஜப்பானியம் வருவதில்லை, ஜப்பானியத்துக்கு நடுவில்தான் தமிழ் வருகிறது. சாமி படத்துக்கு முன்னால் இங்குள்ள கோயில்களில் செய்வதுபோல இரண்டு முறை கைதட்டிக் கும்பிடுகிறாள். அவள் மழலையர் பள்ளியில் போய், "என் பாட்டி ஒரு மாமாவின் தலைமுடிக்காகச் சாப்பிடாமல் காத்திருக்கிறார்," என்று சொல்லிவிட்டாள். வாசலில் ஆசிரியை என்னைத் தனியாக நிறுத்தி, பாட்டி நலமா என்று மிக மெல்லக் கேட்டார். நலம், டீ மட்டும்தான் இல்லை என்றேன். அவர் முகத்தில் கவலை கூடியது.

வழி சொன்னது ஜான்சன்தான். இறுதியாட்டத்துக்கு முன் ஒரு நாள், பயிற்சியைப் பார்க்க ரசிகர்களை உள்ளே விடுவார்கள். வேலியில் துணி பேனர் கட்டுவார்கள். வீரர்கள் படித்துவிட்டுக் கையசைப்பார்கள்.

"கேட்டாத்தான மச்சி கிடைக்கும். மரியாதையா எழுதிக் கேப்போம்."

மஞ்சள் துணி வாங்கினோம். மொக்கு என்றால் மஞ்சள்துணிதான், கிளப்பின் நிறமும் அதுதான், பொருத்தமாக இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து, இலக்கணம் சரிபார்த்து, உயர்ந்த மரியாதைச் சொற்களாகத் தேடிப் போட்டு எழுதினோம்: 'கோல்கீப்பர் அவர்களே, தயவுகூர்ந்து மொட்டை போட்டுக்கொள்ளுங்கள். என் அம்மா காத்திருக்கிறார்.'

முந்தைய சனிக்கிழமை உள்ளூர் லீக் ஆட்டத்தில் அவர் ஒரு லேசான பந்தைக் கால்களுக்கு நடுவே விட்டுத் தோற்க வைத்திருந்தார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

பேனரை விரித்ததும் எங்களுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியானது. நல்ல வசதியாக விடுகிறார்கள் என்று நினைத்தேன். பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கோல்கீப்பர் தூரத்திலிருந்து படித்தார். கையுறையைக் கழற்றினார். நடந்து எங்கள் முன்னால் வந்து, என் கழுத்தில் தொங்கிய உறுப்பினர் அட்டையைப் பார்த்து, இடுப்பு வரை வளைந்து குனிந்தார்.

"லோகநாதன்-சான். உங்கள் அம்மாவிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். இனிமேல் கவனமாக இருப்பேன்."

நானும் குனிந்தேன். அவர் இன்னும் குனிந்தார். நான் இன்னும். நிமிர்ந்தபோது அவர் போய்க்கொண்டிருந்தார், தோள்கள் தொங்கிப்போய்.

"ஒத்துக்கினான் மச்சி," என்றான் ஜான்சன்.

மோரி டிரம் குச்சியோடு ஓடி வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு பந்தை விட்டதற்கு இப்படியா?"

அப்போதுதான் விளங்கியது. இங்கே தப்பு செய்தவன்தான் மொட்டை போடுவான். தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றால், எல்லாம் என் குற்றம், மன்னியுங்கள் என்று அர்த்தம். ஊரே படிக்கிற மாதிரி, உயர்ந்த மரியாதைச் சொற்களில், நாங்கள் அவரைக் குற்றவாளி என்று எழுதிக் கட்டியிருந்தோம். அதிலும் என் அம்மா காத்திருக்கிறார் என்று வேறு.

தெரிந்த ஜப்பானியம் எல்லாம் போய்விட்டது. கையைத் தலையில் வைத்து, மலையைக் காட்டி, ஏழு விரலைக் காட்டி, பெனால்ட்டியைத் தடுத்து, டீ குடித்து, டீயைக் கீழே வைத்துக் காட்டினேன். ஜான்சன் நடுநடுவே சொற்களைத் தந்தான். எங்கள் ஊரில் மன்னிப்புக்கு மொட்டை இல்லை. நன்றிக்குத்தான் மொட்டை. கேட்டது கிடைத்தால் கொடுப்பது.

மோரி அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து, குச்சியால் தரையை அடித்து அடித்துச் சிரித்தார்.

4

அடுத்த செவ்வாய், வேலை முடிந்ததும் கடைக்கு வரச் சொன்னார் மோரி. கடை நாற்காலியில் கோல்கீப்பர் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். நேரில் பார்த்தால் இன்னும் உயரம், இன்னும் சின்னப் பையன். என்னைப் பார்த்ததும் எழுந்தார். இந்த முறை அவருக்கு முந்தி நான் குனிந்துவிட்டேன்.

"மோரி-சான் சொன்னார்," என்றார். "நான் வேறு மாதிரி நினைத்து மூன்று இரவு தூங்கவில்லை."

எனக்கு அழுகை வந்தது. அவர் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கொண்டையை அவிழ்த்தார். தோளைத் தாண்டிக் கிடந்தது முடி.

"ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் போட்டி தொடங்கிய அன்றே, எங்கள் அணி இதில் இருக்கும்வரை முடியில் கத்தி வைக்கமாட்டேன் என்று ஒரு கோயிலில் சொல்லியிருக்கிறேன்."

ஒரே முடிமேல் இரண்டு மொக்கு. ஒன்று வெட்டக்கூடாது என்கிறது, இன்னொன்று வெட்டிக் கொடு என்கிறது. மோரி கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்தார். நான் போனை எடுத்தேன். இதற்குத் தீர்ப்பு சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

அம்மா திரையில் அவரைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நான் நடுவில் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

"சாப்ட்டியா பா?"

சாப்பிட்டேன் என்றார்.

"அம்மா இருக்காங்களா? இன்னா பண்றாங்க?"

இருக்கிறார், மீன் சந்தையில் வேலை என்றார். அம்மா தலையாட்டினார். பிறகு அவருடைய மொக்கைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். இல்லை, மரியாதை.

"அவன் வெச்சது முன்னாலயா, நான் வெச்சது முன்னாலயா?"

"அவர்துதான்மா. சீசன் ஆரம்பத்துலயே."

"அப்ப அவன்துதான் மொதல்ல. அது முடியட்டும். என்துக்கு நான் காத்துக்கினு இருக்கேன். ஒண்ணும் அவசரமில்ல."

பின்னாலிருந்து நைனாவின் குரல்: "யாருக்கு அவசரமில்ல?"

கோல்கீப்பர் என்னிடம் கேட்டார், டீ பற்றி மோரி சொன்னது நிஜமா என்று. நிஜம் என்றேன். அவர் நேராகத் திரையைப் பார்த்துச் சொன்னார்: "எனக்குப் பிடித்தது டப்பா காப்பி. அம்மா டீ குடிக்கும்வரை நானும் அதைத் தொடமாட்டேன்." அந்த வேகத்தில் மோரி பீரை விட்டார். ராத்திரி சாப்பாட்டுக்குள் அவசரப்பட்டுவிட்டதாக வருந்தினார், ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

விடைபெறும்போது கோல்கீப்பர் நைனாவைப் பார்த்து, "லோகநாதன்-சான், நன்றி," என்றார்.

நைனா திடுக்கிட்டார். "என் பேரு எப்படிடா தெரியும் அவனுக்கு?"

"இங்க எல்லாருக்கும் தெரியும் நைனா."

அதற்குப் பிறகு நைனா சட்டை போடாமல் வீடியோ காலுக்கு வருவதில்லை.

எனக்குள் மட்டும் ஒரு பயம் இருந்தது. கோப்பை முடிந்ததும் வீரர்கள் வேறு கிளப்புக்குப் போவார்கள். மறந்துவிடுவார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் என் அம்மா மறக்கமாட்டார். அந்த முடி மலை ஏறாவிட்டால், அவர் சாகும்வரை டீ குடிக்கப்போவதில்லை. எனக்கு அவரைத் தெரியும்.

5

இறுதியாட்டம் கோலாலம்பூரில். நாங்கள் ஊர் மன்றத்தில் பெரிய திரையில் பார்த்தோம். ஊரே மஞ்சளாக வந்திருந்தது. நகராட்சியில் என் பெயரை எழுதிய மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், மஞ்சள் துண்டோடு. அம்மா மொக்கு எதுவும் வைக்கவில்லை. "பாக்கலாம்," என்றதோடு சரி. மோரி உட்பட கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதில் உள்ளூர வருத்தம். கொரியாவில் ஜெயித்தது எப்படி என்று அவர்களுக்கு இப்போது தெரியுமே.

ஒரு கோல் வாங்கினோம். திருப்பிப் போட முடியவில்லை. கடைசி நிமிடத்தில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அப்போது யாரோ எழுந்து திரையைக் காட்டினார்கள். எங்கள் கோல்கீப்பர் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு மறுமுனைக்கு ஓடிக்கொண்டிருந்தார். கொண்டை அவிழ்ந்து முடி பின்னால் பறந்தது.

"ஐயோ, வீட்ட யாரு பார்ப்பா?" என்றார் அம்மா போனில்.

பந்து வந்தது. கூட்டத்துக்கு மேலே அவர் எழும்பினார். நெற்றியில் பட வேண்டிய பந்து தலை உச்சியில் பட்டு, மேல்கம்பியில் மோதித் திரும்பியது. விசில் ஊதிவிட்டார்கள்.

மன்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்தில், ஸ்பீக்கரில் இருந்த போனிலிருந்து அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அந்த முடி மட்டும் இல்லாம இருந்தா பந்து நேரா உள்ள போயிருக்கும்."

மோரி என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொல்லலாமா கூடாதா என்று தவித்து, சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். அவர் அடுத்தவருக்கு. தோற்றுப்போய் உட்கார்ந்திருந்த மன்றத்தில் சிரிப்பு ஒரு மூலையிலிருந்து கிளம்பிப் பரவியது. மோரி டிரம்மை எடுத்தார். ஜெயித்தவர்கள்கூட அப்படிப் பாடியிருக்கமாட்டார்கள். ஹாசினி வங்கி அதிகாரியின் தோளில் உட்கார்ந்து பாடினாள். பிறகு எல்லோரும் குப்பையைப் பிரித்தோம்.

மூன்றாம் நாள் கோல்கீப்பர் கடைக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் மோப்பம் பிடித்து வந்திருந்தார். நாற்காலிக்குக் கீழே மோரி கிளப்பின் மஞ்சள் துண்டை விரித்தார். முதல் கற்றை விழுந்தபோது பத்திரிகைக்காரர் கேட்டார்: "இது தோல்விக்கான மன்னிப்பா?"

"இல்லை," என்றார் கோல்கீப்பர். "கொரியாவில் தடுத்த பந்துக்கு நன்றி."

மறுநாள் பத்திரிகையில் அது அப்படியே வந்தது. மோரி துண்டை நாலு மூலையும் சேர்த்து முடிந்தார். அதன் ஓரத்தில் கோல்கீப்பர் கையெழுத்துப் போட்டார்: 'நகரி லோகநாதன்-சானுக்கு.'

6

ஆண்டு விடுமுறைக்கு ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தோம். சென்னையில் சுங்க அதிகாரி பையைத் திறக்கச் சொன்னார்.

"இது என்ன சார், விக்கா?"

"முடி சார்."

"யாரோடது?"

"ஒரு ஜப்பான்காரரோடது."

"அவர் எங்க?"

"ஜப்பான்லதான் சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வியாபாரமா?"

"வேண்டுதல் சார். திருமலைக்கு."

"மதிப்பு என்னன்னு போடறது?"

காவ்யாதான் முன்னால் வந்தாள். "எங்க அத்தை அந்த முடிக்காக ரெண்டு மாசமா டீ குடிக்காம இருக்காங்க சார். அதுக்கு எவ்ளோ வரும்னு நீங்களே போட்டுக்கோங்க."

முழுக்கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பெனால்ட்டி வீடியோ இருக்கா?" இரண்டு முறை பார்த்தார். "கால்ல பட்டது லக்குதான்," என்று சொல்லி முடிச்சைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் விடியும்போது மலைமேல் இருந்தோம். கல்யாணக்கட்டாவில் மொட்டை போடுபவருக்கு முன்னால் நைனா முடிச்சை அவிழ்த்தார். மொட்டை போடுபவர் பார்த்தார். தெலுங்கில் கேட்டார்: "முடி சரி. தலை எங்கே?"

"தலை ஜப்பான்ல இருக்குது," என்றார் நைனா.

"தலை இல்லாம நான் எதை மழிக்கறது?"

இதை யாரும் யோசிக்கவில்லை. முடி இங்கே வந்து விழ வேண்டும், கொட்டிவிட்டுப் போகிற சரக்கில்லை என்பது அவருடைய கட்சி. அம்மா எங்களைச் சுற்றிப் பார்த்தார். காவ்யா பின்னலை முன்னால் எடுத்துப் பிடித்துக்கொண்டாள். நைனாவின் தலையில் மழிக்க அதிகம் இல்லை. ஹாசினிக்குப் பள்ளியில் ஏற்கெனவே போதுமான கதை இருக்கிறது. எல்லோருடைய பார்வையும் வந்து என்மேல் நின்றது.

"மா, உன் முடி உன்னுதுன்னு நீதான சொன்ன?"

"முடி அவன்துதான். தலை மட்டும் நீ குடு."

உட்கார்ந்தேன். கோல்கீப்பரின் முடியை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். தண்ணீர் தெளித்து மொட்டை போடுபவர் மழிக்க மழிக்க, என் முடியும் அதன்மேலேயே விழுந்து கலந்தது. எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் போனதும் அவர் திருப்தியாகி, எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிப் போட்டார். ஹாசினி இரண்டு முறை கைதட்டி அவரைக் கும்பிட்டாள். அவரும் கத்தியைக் கீழே வைத்துக் கும்பிட்டார். நைனா பணம் நீட்டினார், வாங்கவில்லை. மலையில் மொட்டைக்குக் காசில்லை.

வீட்டிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தை அம்மா என் தலையில் அப்பினார். குளுகுளுவென்று இறங்கியது. அடுத்த வாரம் வேலைக்குப் போனால் மேற்பார்வையாளர் என்னைத் தனி அறைக்கு அழைத்து, எந்த இயந்திரத்தைக் கெடுத்தாய் என்று மெல்லக் கேட்பார். மன்னிப்பில்லை, நன்றி என்று இரண்டு முறை ஜப்பானியத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரில் டீக்கடை. மோரியின் கடைக்கு வீடியோ கால் போட்டேன். கோல்கீப்பர் அங்கே வந்து காத்திருந்தார். தொப்பியைக் கழற்றினார், நான் துண்டைக் கழற்றினேன். இரண்டு மொட்டைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவர் கையில் திறக்காத காப்பி டப்பா. மோரி கையில் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேரும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா கிளாசை இரண்டு கையாலும் பிடித்து, ஆவியை முகர்ந்து, ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"சக்கர கம்மி," என்றார்.

அந்தப் பக்கம் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா அந்த கிளாசை முடித்து இன்னொன்று வாங்கினார். பிறகு இன்னொன்று. நாலாவதை நைனாவிடம் பேசிக்கொண்டே குடித்தார், சமாதான டீயாகத்தான் இருக்க வேண்டும். விமான டிக்கெட் எப்படியும் ஊருக்கு வர எடுத்தது, அதை மொக்குச் செலவில் சேர்க்கக்கூடாது என்றார் நைனா. முடிக்குச் சுங்கம் இல்லை, மொட்டைக்குக் கூலி இல்லை. அம்மாவுக்கு நாலு, எனக்கும் காவ்யாவுக்கும் நைனாவுக்கும் ஆளுக்கொன்று. கடைக்காரரிடம் நைனா எண்ணிக் கொடுத்தது நூற்றைந்து ரூபாய்.